நகப்பூச்சு போட்ட முயல்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடுகிற பழக்கம் உனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அதனால் நானே நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் போனை எடுத்தால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் குரல் ஏறிவிடுகிறது. இனிமேல் கடிதம்தான் நமக்கு லாயக்கு என்று சனிக்கிழமை நீதான் சொன்னாய். எனக்கும் அதுதான் வசதி. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

மூன்று வருஷம் கழித்து நீ வாசலில் வந்து நின்றபோது மீட்டர் பார்க்க வந்த ஆள் என்று நினைத்துக் கதவைப் பாதிதான் திறந்தேன். உன் புது வீட்டு விருந்தில் அத்தனை பேர் நடுவில் நான் "என்னடா இது, கக்கூஸ் நாத்தம் அடிக்குது" என்று சொன்னதற்காக மூன்று வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவன் நீ. ஊருக்கெல்லாம் வீடு வாங்கிக் கொடுக்கிற தரகன் வீட்டிலேயே இப்படிச் சொல்லிவிட்டாளே என்று உனக்கு ஆத்திரம். குழாய் உடைந்துதான் இருந்தது என்பதை இன்றுவரை நீ ஒப்புக்கொள்ளவில்லை. போகட்டும். நீயாக வந்தாய், ஆப்பிள் வாங்கி வந்தாய். அதில் இரண்டு அழுகல், அது கடைக்காரன் வேலை. எனக்குச் சந்தோஷம். சொல்லிவிட்டேன், இன்னொரு தடவை சொல்லச் சொல்லாதே.

ஒன்றுதான் சிரிப்பு. சாப்பாட்டுக்கு நடுவே "கார் சரியா நிக்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று மூன்று தடவை கீழே ஓடினாய். எங்கள் தெருவில் உன் காரை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்?

இனி பெரியவர் விஷயம். சாம்பல் நிறத்தில் மூலையில் குந்தியிருந்தாரே, அவர்தான். மேல்வீட்டு டிராயிங் டீச்சர் வேலை மாறிப் போகும்போது "ஒரே வாரம்தான்க்கா, வந்து எடுத்துக்கறேன்" என்று விட்டுப்போன முயல் ஜோடியில் ஆண். அந்த ஒரு வாரம் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெண் முயல் ஜனவரியில் வயிறு உப்பிச் செத்துப்போனது. அதிலிருந்து இந்த மனுஷர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். புல்லைத் தொடுவதில்லை, நான் ஊட்டினால் கீரை ஒன்றிரண்டு வாய், அவ்வளவுதான். விலங்கு டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, துணை வேணும். இப்படியே விட்டா தாங்காது" என்றார்.

துணையாம்! இந்த ஒன்றின் அருவருப்பே சொல்லி மாளாது. லேப்பில் காலையிலிருந்து ஊரார் சளியையும் மலத்தையும் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்க்கிறவள் நான். அங்கே எனக்கு ஒன்றும் செய்யாது. கையில் உறை இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் இருக்கிறது. வீட்டுக்கு வந்தும் அதுவேதானா? முயல் இரண்டு விதமாகப் போகும், தெரியுமா உனக்கு? உருண்டையாகப் போவதை வீடு முழுக்க இறைக்கும். கொழகொழவென்று போவதைக் கீழே விழ விடாமல் குனிந்து வாயாலேயே எடுத்துத் தின்னும். தின்றுவிட்டு அதே வாயோடு வந்து என் கணுக்காலை நக்கும். சீ! எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

இதைத்தான் உன்னிடம் ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தேன். "இன்னொரு முயல் இந்த வாசலத் தாண்டி உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்று நான் கத்தியபோது நீ ஏன் அப்படி முழித்தாய்? கத்திய மறுநாளே, கைவிடப்பட்ட முயல்களை வைத்திருக்கிற காப்பகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரிக்கும் வாண்டுக்கும் என் அன்பு.

உன் அன்பு அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள். தரகனாகச் சொல்கிறேன், உன் வீடு நல்ல வெளிச்சமான வீடு. கீழ்த்தளத்தில் இதே மாதிரி கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம், ஒரு வார்த்தை சொல்லு.

முயல் விஷயத்தில் அவசரப்படாதே. டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள். நீயே அன்றைக்கு என் முகத்துக்கு நேராக "இன்னொன்று வந்தால் நான் வெளியே போய்விடுவேன்" என்றாய். அப்படிச் சொன்னவள் மறுநாளே காப்பகம் தேடிப் போவதாக எழுதினால் நான் எதை நம்புவது? உன் பேச்சைக் கேட்டுத்தானே மற்றவர்கள் நடந்துகொள்ள முடியும்?

வாண்டுக்கு இப்போது பொழுது விடிந்தால் உன்னைப் பற்றித்தான் பேச்சு. "அத்தை லெட்டர் போட்டாங்களா? அத்தை வீட்டுல முயலுக்குக் கீரை குடுப்பாங்களா? ராத்திரி போர்த்தி விடுவாங்களா?" என்று பிடுங்கி எடுக்கிறாள். ஒன்பது வயசுக்கு வாய் அதிகம். உன்னையே உரித்து வைத்திருக்கிறாள் என்று அவள் அம்மா சொல்கிறாள், அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. லீவுக்கு உன் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பிரியமுள்ள தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

வாண்டு என்னைப் பற்றிப் பேசுகிறாள் என்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கைக்குழந்தையாகப் பார்த்தது, அப்புறம் விருந்தில் ஒரு தடவை. என் முகமே அவளுக்கு நினைவிருக்காது என்று நினைத்திருந்தேன். அனுப்பி வை, கீரை கொடுப்பேன், போர்த்தியும் விடுவேன். பிள்ளைக்கு முயல் மேல் அவ்வளவு ஆசை என்றால் நீயே ஒன்று வாங்கித் தரக் கூடாதா?

நான் போன வாரம் அந்தக் காப்பகத்துக்குப் போய்விட்டேன். பழைய டயர் குடோனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. இருபது அடி தூரத்திலேயே மூத்திர வாடை கண்ணில் குத்துகிறது. நடத்துகிற அம்மாள் தலைமுடியில் புல்லோடு வந்து, கூண்டைக் கிளறிய அதே கையால் டீ டம்ளரை நீட்டினாள். வாங்கிச் செடிக்கு ஊற்றிவிட்டேன். நாமாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு வர முடியாதாம். நம் முயலைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம், அதுதான் பார்த்துச் சம்மதிக்க வேண்டுமாம். நம் வீட்டுக் கல்யாணங்களில் இவ்வளவு கேட்டா செய்தார்கள்?

பெரியவரைக் கூடையில் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் விட்ட முயல் அவர் மேலேயே ஏறி உட்கார்ந்தது. மனுஷர் வாழ்நாளில் அவ்வளவு அவமானப்பட்டிருக்க மாட்டார். அடுத்தது என் செருப்பில் மூத்திரம் பெய்தது. மூன்றாவது காதைக் கடித்துவிட்டது. நான் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளை முயல், காது மட்டும் பழுப்பு, தானாக வந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டது. பெரியவர் நகரவில்லை. ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக அவர் எதிரில் கிடந்த புல்லை ஒரு வாய் கடித்தார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

தூக்கிப் பார்த்தால், முன்னங்கால் நகமெல்லாம் ரோஸ் நிறம்! நகப்பூச்சு. பாதி உரிந்து பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு பிள்ளை மடியில் வைத்து உட்கார்ந்து போட்டிருக்கிறது. அந்த வீட்டில் குழந்தை இருக்கிறது, தம்பி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த முயலை எங்கே எடுத்தார்கள் தெரியுமா? காய்கறிச் சந்தைக்குப் பின்னால், அழுகலைக் கொட்டுகிற இடத்தில், டேப் ஒட்டிய அட்டைப்பெட்டியில். பெட்டியில் மூச்சு விடுவதற்கு மூன்று ஓட்டை குத்தியிருந்ததாம். குப்பையில் போடுகிறவனுக்கு ஓட்டை எதற்கு? தான் நல்லவன் என்று தனக்கே காட்டிக்கொள்ளத்தானே? அந்தக் கையை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது. நீ வந்துபோன மறுநாள் காலையில்தான் எடுத்திருக்கிறார்கள். நாம் இங்கே உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்த நேரத்தில் அப்படி ஒரு ஜென்மம் இந்த ஊரில் நடமாடியிருக்கிறது பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கூத்து ஆரம்பித்தது. கொட்டகையில் ஒட்டிக்கொண்டு கிடந்ததுகள் இங்கே ஒன்றையொன்று கண்டால் பாய்கின்றன. குளியலறை முழுக்க முடி பறக்கிறது. ஒன்றின் படுக்கைத் துணியை மற்றதற்குப் போட்டால் வாசனை பழகிவிடும் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாள். நானும் ஒழுங்காக மாற்றி மாற்றிப் போட்டேன். பலனில்லை. நேற்று அவளே வந்து துணியை முகர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, இதைத் துவைச்சீங்களா?"

"துவைக்காம? தெனமும் கொதிக்கிற தண்ணில போட்டு, மருந்து ஊத்தித்தான் அலசறேன்."

தலையில் அடித்துக்கொண்டாள். "நாறட்டும் விடுங்க. நாறினாத்தான் ஒண்ணு சேரும்."

ஆக, மூத்திரத் துணியைத் துவைக்காமல் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். லேப்பில் யாருக்காவது தெரிந்தால் மானம் போய்விடும். புதியவளுக்குப் பெயர் வைக்கவில்லை. வாண்டு வந்து வைக்கட்டும்.

உன் அன்பு அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டதும் பதில் எழுதுகிறேன். தயவுசெய்து அந்த முயலைத் திருப்பிக் கொடுத்துவிடு. கோபித்துக்கொள்ளாதே, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். குப்பையில் கிடந்ததற்கு என்னென்ன நோய் இருக்குமோ. ஒயர், சோபா எதையும் விட்டுவைக்காது. இடது கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தால் அப்புறம் நிற்கவே நிற்காது, நாளுக்கு இரண்டு வேளை மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வயசில் உனக்கு இது தேவையா? அடித்துக்கொள்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். வேறு நல்ல, ஆரோக்கியமான முயலாகப் பார்த்து நானே வாங்கி அனுப்புகிறேன்.

யாரோ எதையோ செய்தார்கள் என்று நீ இவ்வளவு கொதிக்க வேண்டியதில்லை. அவரவர் வீட்டில் என்ன கஷ்டமோ.

வாண்டுக்கு லீவில் நீச்சல் வகுப்பு சேர்த்திருக்கிறோம். இந்தத் தடவை வர முடியாது போலிருக்கிறது.

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நீ வாங்கி அனுப்புகிறேன் என்றதைப் படித்துச் சிரித்துவிட்டுக் கடிதத்தை மூடி வைத்தேன். முயலுக்குக் கண் நோய் வரும் என்று பொதுவாக எழுதியிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

முந்தாநாள் காலையிலிருந்து வெள்ளைக்கு இடது கண்ணில் நீர் வடிகிறது. வலது கண் சுத்தமாக இருக்கிறது.

காப்பகத்து அம்மாளுக்குப் போன் செய்து கேட்டேன். "எங்ககிட்ட இருந்தப்ப கண்ணுல ஒண்ணும் இல்லியேம்மா" என்றாள். டாக்டரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். இது புதுசு இல்லை, பல்லின் வேர் அழுத்துவதால் அவ்வப்போது வந்து போகும், முன்னால் வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றார்.

நீ எழுதிய அன்றைக்கு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்தது?

அன்றைக்கு மூன்று தடவை கீழே போய் எதைப் பார்த்துவிட்டு வந்தாய்? மழுப்பாமல் எழுது. இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சரி. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அது எங்கள் வீட்டு முயல்தான். வாண்டு பஞ்சு என்று கூப்பிடுவாள்.

நீ என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும், அதனால் முழுக்கக் கேள். நான் அதை உனக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்தேன். சத்தியமாக. டிவி ஒயர், இரண்டு சோபா, கண் மருந்து என்று ஆறு மாசமாக வீட்டில் சண்டை. "அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்கிற அளவுக்கு உன் தம்பி பொண்டாட்டி போய்விட்டாள். உன்னிடம் முயல் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அக்காவையும் பார்த்த மாதிரி இருக்கும், முயலையும் விட்ட மாதிரி இருக்கும் என்று பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நீ சாப்பாடு போட்டாய். "அக்கா, ஒரு விஷயம்" என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ அந்தக் கொழகொழாக் கதையை ஆரம்பித்துவிட்டாய். ஒவ்வொரு தடவையும் கீழே போய் அதற்கு ஒரு துண்டு ஆப்பிள் கொடுத்துவிட்டு, இப்போது கேட்டுவிடலாம் என்று மேலே வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ இன்னும் ஒரு "சீ"யை எடுத்து வைத்தாய். கடைசியில் வெளியே போய்விடுவேன் என்றாய். அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? மூன்று வருஷம் கழித்து வந்தவன் முயலைத் தள்ளிவிடத்தான் வந்தான் என்று காலம் முழுக்கச் சொல்லிக்காட்டியிருப்பாய். வீட்டுக்கும் திருப்பிக் கொண்டுபோக முடியாது. சந்தைப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும், யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று விட்டேன். எடுத்துக்கொண்டார்கள்தானே?

வாண்டு மூன்று நாள் அழுதாள். பஞ்சு அத்தை வீட்டில் இருக்கிறது, அங்கே தனியாக இருந்த ஒரு தாத்தா முயலுக்குத் துணையாகப் போயிருக்கிறது என்று சொல்லி வைத்தேன். அதுதான் அவள் உன்னைப் பற்றியே பேசுவதற்குக் காரணம்.

ஆனால் அக்கா, யோசித்துப் பார். நான் சொன்னது இப்போது நிஜமாகிவிட்டது! உன் பெரியவருக்குத் துணை கிடைத்தது, பஞ்சுக்கு வீடு கிடைத்தது, பிள்ளையிடம் சொன்னதும் பொய் இல்லை என்று ஆகிவிட்டது. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது, நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். எல்லாம் நல்லதற்குத்தான். நீச்சல் வகுப்பை ரத்து செய்துவிட்டேன். லீவுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறோம். "அப்பா கொண்டுவந்து குடுத்தாரு" என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நகப்பூச்சு உரிந்துவிட்டதா என்று வாண்டு கேட்கச் சொன்னாள்.

உன் பிரியமுள்ள தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை லேப்பில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினேன்.

முயலை வைத்துக்கொள்ள முடியாமல் போனதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது நாறும், கடிக்கும், எல்லோராலும் முடியாது. என் மேஜையில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்து ஆப்பிள் துண்டை எடுத்துக்கொண்டு போய் அதற்கு ஊட்டிவிட்டு, பிறகு அதே கையால் பெட்டியைக் கொண்டுபோய் அழுகலில் வைத்திருக்கிறாய். எலி திரிகிற இடம், நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முட்டைக்கோஸ் அழுகி, கறுப்பாகத் தண்ணீர் ஓடுகிறது. காலை வைத்தால் வழுக்குகிறது. அங்கே நின்று நீ பெட்டியைக் கீழே வைத்ததை நினைத்தேன். செருப்பில் பட்டுவிடாமல் பார்த்து வைத்திருப்பாய்.

எனக்கு ஆத்திரமாகக்கூட வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது. உன்னைப் பார்த்து எனக்கு அப்படி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் கத்தியதால் கேட்க முடியவில்லையாம். உனக்கு அம்மை வந்தபோது யார் பக்கத்தில் இருந்தது? சீ, கருமம், கண்றாவி என்று சொல்லிக்கொண்டேதான் உன் வாந்தியை வழித்துப் போட்டேன். ஒரு ராத்திரியாவது பக்கெட்டை வைத்துவிட்டு எழுந்து போனேனா? என் வாய் எப்படிப் பேசும், கை என்ன செய்யும் என்பது உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? இரண்டு வருஷம் சீ சீ என்று சொல்லிக்கொண்டே இந்த வீட்டில் முயல் மலம் அள்ளுகிறவளிடம், "அக்கா, இதையும் வச்சுக்கோ" என்று கேட்க உனக்கு நாக்கு எழவில்லை. என்னிடம் கேட்பதைவிடக் குப்பையில் போடுவது உனக்கு லேசாக இருந்திருக்கிறது.

என்னைப் பார்க்க வந்தாய் என்று அந்த வாரம் முழுக்க லேப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதைவிட மோசம் உன் நிம்மதி. காப்பகத்துக்காரியும் சந்தையில் பெட்டியைப் பார்த்து எடுத்த எவனோ ஒருவனும் செய்த காரியத்தால் பிழைத்ததை, நீ சொன்னது நிஜமாகிவிட்டது என்று எழுதுகிறாய். உன் பொய்யைத் துவைத்துக் காயப்போட்டு மடித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. என்னால் முடியாது.

கூட்டிக்கொண்டு வா. ஆனால் வருவதற்கு முன்னால் பிள்ளையிடம் நீ செய்ததை நீயே சொல். அழுவாள், உன்னோடு பேச மாட்டாள், அதையெல்லாம் தாங்கு. சொல்லிவிட்டுக் கூட்டி வந்தாயானால் உனக்கும் இங்கே சாப்பாடு உண்டு, நான் பழையதை எடுக்க மாட்டேன். சொல்லாமல் வந்தால், அவள் கேட்கிற கேள்விக்கு நான் உள்ளதைத்தான் சொல்வேன்.

இரண்டும் ஒன்று சேர்ந்துவிட்டன. துவைக்காத துணியில் ஒட்டிப் படுத்துக்கொண்டு ஒன்றின் கண் பீளையை மற்றது நக்கி எடுக்கிறது. பார்க்கவே சகிக்கவில்லை. பெரியவர் நன்றாகச் சாப்பிடுகிறார்.

பஞ்சுக்கு இன்னும் மூன்று நகத்தில் பூச்சு இருக்கிறது என்று வாண்டிடம் சொல்.

அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? வேலை மும்முரத்தில் எழுதத் தாமதமாகிவிட்டது.

நீ கோபத்தில் எழுதியதையெல்லாம் நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. நிறைய யோசித்தேன். பிள்ளை மனசு, அதில் போய் எதற்குத் தேவையில்லாததைப் போடுவது என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். அதனால் அவளுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன். நல்ல ஜாதி, உருண்டையாக இருக்கிறது. மந்திரம் போட்ட மாதிரி ஆகிவிட்டது போ. இப்போது முயல் பேச்சையே எடுப்பதில்லை. அத்தை வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டால்கூட, "நாய்க்குட்டிய யாரு பாத்துக்கறது?" என்கிறாள். அதனால் இந்த லீவுக்கு வரவில்லை.

என்ன, செருப்பெல்லாம் கடிக்கிறது. இரண்டு தடவை கம்பளத்தில் போய்விட்டது. "சோபா மேல ஏறினா நான் பொறுக்க மாட்டேன்" என்று உன் தம்பி பொண்டாட்டி இப்போதே முணுமுணுக்கிறாள். பழகிவிடும்.

நடந்தது நடந்துவிட்டது, அக்கா. எல்லோரும் மறந்தாச்சு. நீயும் விட்டுவிடு. பழையபடி எழுது.

உன் பிரியமுள்ள தம்பி


மே 16

தம்பிக்கு,

பழையபடி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இனி எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம். நீ எழுதினால் நான் பிரிக்காமல் வைத்துவிடுவேன், எதற்கு வீண் தபால் செலவு?

பிள்ளை மறந்துவிட்டாள் என்கிறாய். ஒன்பது வயசில் யாரும் எதையும் மறப்பதில்லை. கேட்டால் பதில் வராது என்று தெரிந்தால் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். வளர்ந்து ஒரு நாள் அவளாக என்னைத் தேடி வந்தால் வரட்டும்.

அந்த நாய்க்குட்டிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அது சோபா மேல் ஏறத்தான் ஏறும். கம்பளத்தில் போகத்தான் போகும். உன் வீட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. தாங்காதபோது சந்தைப் பக்கம் போகாதே, வேறு எந்தப் பக்கமும் போகாதே. நேராக இங்கே வா. பெட்டி வேண்டாம், டேப் வேண்டாம். கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து கதவைத் தட்டு. நாய் எனக்கு முயலைவிட அருவருப்பு, எச்சில் ஒழுகும், ஈரத்தில் நாறும். நான் சீ என்றுதான் சொல்வேன். சொல்லிக்கொண்டே கையை நீட்டி வாங்கிக்கொள்வேன்.

கொடுத்துவிட்டு அப்படியே இறங்கிப் போய்விடு. உன்னை உள்ளே கூப்பிட மாட்டேன்.

அக்கா